ஒன்பதாம் கட்டம்

கிருமி வளர்க்கும் தட்டின் மூடியை ஒரு நகம் நுழையும் அளவுக்குத் தூக்குவார். மூக்கை அதனருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்ன மூச்சு இழுப்பார். மூடியைப் பொத்தி வைத்துவிட்டு, "வந்துட்டான் பயபுள்ள" என்பார். அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்து, தட்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். கட்டாயம் பூத்திருக்கும்.

"மோந்து பாக்கக் கூடாதுக்கா, எத்தனை தடவை சொல்றது!" என்று அந்தப் பக்கத்திலிருந்து இளம் டாக்டரம்மா கத்துவார்.

"மோக்கல டாக்டர். மூச்சு விட்டேன். அதுக்குமா தடை?"

பெரிய மருத்துவமனை ஒன்றின் கிருமி ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் இப்படித்தான் மூச்சு விட்டார். எதிரில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் மூக்கக்கா. அது அவருக்கும் தெரியும். "இருக்கிறதைத்தானே சொல்றாங்க, இல்லாததையா சொல்றாங்க" என்று விட்டுவிட்டார்.

நான் அதே மருத்துவமனையின் பதிவேட்டு அறைக்காரன். எழுதி முடித்த பதிவேடுகளை ஒவ்வொரு பிரிவிலும் வாங்கிவந்து இரும்பு அலமாரியில் அடுக்குவது என் பிழைப்பு. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வாங்க மாட்டேன், அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவேன். அதனால் என்னையும் முதுகுக்குப் பின்னால் "கட்டம்" என்று கூப்பிடுவதாகக் கேள்வி. மூக்கும் கட்டமும் இருபது வருடம் சண்டை போட்டிருக்கிறோம். அதில் பத்தொன்பது வருடம் ஜெயித்தது மூக்குதான்.

அவர் மோந்து பிடிக்கும் ஆசாமியின் பெயர் சூடோமோனாஸ். தட்டில் வளர்ந்தால் பழுத்த திராட்சை வாசனை வரும். விவசாயம் பார்க்கிறவர்கள் இந்தப் பெயரை உரக்கடைப் பொட்டலத்தின் மேல் பார்த்திருப்பார்கள். நாற்று அழுகாமல் இருக்க வேரை அதில் நனைத்து நடுவார்கள். அந்தப் பொட்டலத்தில் இருப்பதும், தீக்காயத்தில் வந்து உட்கார்ந்து ஆளைக் கொல்வதும் ஒரே குடும்பம் என்று அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை.

"ஒரே வயித்துல பொறந்ததுங்கதான். ஒண்ணு வேருக்குக் காவல் நிக்கும். ஒண்ணு சிந்துன எண்ணெயத் தின்னு மண்ணைச் சுத்தம் பண்ணும். நம்ம ஆளு இருக்கானே, அவனும் மண்ணுலயும் தண்ணியிலயும் கிடக்கிற வரைக்கும் யார் வம்புக்கும் போகமாட்டான். தோல் இருக்கிற வரைக்கும் நம்மள மதிக்கவே மாட்டான். தோல் போச்சா, பாயை விரிச்சுப் படுத்துக்குவான்."

"சோறு?"

"சோறா? ஈரம் இருந்தாப் போதும் சார் அவனுக்கு. சோப்புத் தண்ணியில இருப்பான். கிருமியக் கொல்ற மருந்துப் பாட்டிலுக்குள்ளயே குடித்தனம் நடத்தியிருக்கான், நானே புடிச்சிருக்கேன்."

ஈரத்தின் மேல் அவருக்கு இருந்த பகை சாதாரணமானதில்லை. குழாயைத் திறந்தால் முதல் தண்ணீரில் கை வைக்க மாட்டார். நூறு எண்ணி ஓடவிட்டு அப்புறம்தான் கழுவுவார். கேன்டீனில் டம்ளரைக் கவிழ்த்து, தன் கைக்குட்டையால் துடைத்து, அதற்குப் பின் டீ ஊற்றச் சொல்வார். கைக்குட்டை எப்போதும் மூன்று இருக்கும், ஒன்று நனைந்தால் அடுத்தது. என் பேத்தி பிறந்தபோது பார்க்க வந்தவர், குழந்தையைப் பார்ப்பதற்கு முன் சமையலறைத் தொட்டியைப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கையோடு எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "காய வைங்கம்மா, எல்லாத்தையும் காய வைங்க. காஞ்சா பாதி வியாதி போச்சு" என்றார். என் மனைவி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பஞ்சை மட்டும் இன்று வரை வெயிலில் காய வைக்கிறாள்.

தீக்காயப் பிரிவின் கதவில் ஒரு அட்டை தொங்கும். கொட்டை எழுத்து, அக்காவின் கையெழுத்து: பூ, பூச்சாடி, செடி, தண்ணீர் தேங்கும் எந்தப் பொருளும் உள்ளே கூடாது. அதைச் சண்டை போட்டு மாட்டியவரும் அவர்தான். பூங்கொத்தோடு வந்து கெஞ்சிய கணவன்மார்கள் எத்தனையோ பேர். "நீங்க உள்ள போங்க, உங்க பூ வாசலோட நிக்கட்டும்" என்று வாங்கி வெளியே வைத்துவிடுவார்.

பதிவேட்டில் ஒன்பதாம் கட்டமும் அவர் சேர்த்ததுதான். முதல் எட்டுக் கட்டம் எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருப்பது: எண், பெயர், படுக்கை, தேதி, அந்த மாதிரி. ஒன்பதாவதில், நோயாளிக்கு அருகில் இருந்த ஈரப் பொருள் என்ன, அதைக் கொண்டு வந்தது யார் என்று எழுத வேண்டும். யாருடைய கட்டுத் துணியிலாவது பச்சை தெரிந்தால், பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு படுக்கைக்கே போய்விடுவார். குழாய் மூக்கு, வாளி, மேசை, தண்ணீர்க் குடுவை என்று எல்லாவற்றையும் தொட்டெடுத்து, வளர்த்துப் பார்த்து, இவன் எங்கிருந்து வந்தான் என்று கண்டுபிடித்து எழுதுவார். ஒருமுறை "தலைமை டாக்டரின் தண்ணீர்ப் பாட்டில்" என்று எழுதிவிட்டார். மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "நான் எழுதல டாக்டர், தட்டு எழுதிச்சு. நான் அதைப் பாத்துக் காப்பி அடிச்சேன்" என்றார் அக்கா. அந்தக் கட்டம் அப்படியே நின்றது.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், ஒரே ஒரு பதிவேடு மட்டும் மூன்று வருடமாக என் அலமாரிக்கு வரவில்லை. கேட்டால், "அட்டை கிழிஞ்சிருக்கு சார், ஒட்டித் தரேன்" என்பார். மூன்று வருடமாக ஒட்டாத அட்டை எந்த ஊரில் இருக்கிறது? எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், இரண்டாம் தடவைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். கட்டம் என்று பெயர் வாங்கியவன் செய்த ஒரே திருட்டுத்தனம் அது.

அந்த வருடம் அக்காவின் தங்கை தீக்காயப் பிரிவில் இருந்தார். பதினாலு வயது இளையவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்கா மடியில் வளர்ந்தவர். இருவரும் கல்யாணம் என்று எதையும் செய்துகொள்ளாமல் இரண்டு அறை வீட்டில் சேர்ந்தே இருந்தார்கள். அக்காவுக்கு எவ்வளவு ஈரப் பகையோ, தங்கைக்கு அவ்வளவு ஈரப் பாசம். எந்தக் கிளை கிடைத்தாலும் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகி ஜன்னலில் வைத்துவிடுவார். வீட்டுக்குள் தினமும் இது ஒரு பஞ்சாயத்து. "நீ கொன்னுடுவேன்னு பயந்துதான் இதுங்க சீக்கிரம் வேர் விடுது" என்று தங்கை சிரிப்பாராம். துணி வெளுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஒரு நாள் காலையில் நீராவிக் குழாய் வெடித்தது. உடம்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெந்துபோனது.

தினமும் அவருக்குக் கட்டு மாற்றிய ஊழியர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். "மெதுவா அண்ணே, மெதுவா அண்ணே" என்று தங்கை முனகி முனகி, கடைசியில் மெதுவண்ணன் என்றே பெயர் வைத்துவிட்டார். பிரிவு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரை மணியில் முடிகிற கட்டை அவர் ஒன்றரை மணி நேரம் மாற்றுவார். துணி ஒட்டிய இடத்தில் தண்ணீர் விட்டு, ஊறவிட்டு, நூல் நூலாகப் பிரிப்பார். சாப்பாட்டு நேரம் போய்விடும், கண்டுகொள்ள மாட்டார்.

பதினோராம் நாள் கட்டில் பச்சை தெரிந்தது. பத்தொன்பதாம் நாள் தங்கை போய்விட்டார். அக்கா குழாய் மூக்கு, வாளி, கத்தரிக்கோல், படுக்கைக் கம்பி எல்லாவற்றையும் தொட்டெடுத்து வளர்த்தார். எதிலும் வரவில்லை. அதற்குப் பிறகு, அந்தக் கட்டத்தைச் சேர்த்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு வரியின் ஒன்பதாம் கட்டம் காலியாக நின்றது.

காலிக் கட்டம் சும்மா இருக்குமா? எங்கும் வரவில்லை என்றால் பாக்கி இருப்பது தொட்ட கை மட்டும்தானே என்று யாரோ கேன்டீனில் சொன்னார்கள். யார் மேலும் நடவடிக்கை இல்லை, யாரும் முகத்துக்கு நேரே கேட்கவும் இல்லை. ஆனால் மெதுவண்ணன் அதைக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கை கழுவுகிறார். கட்டுக்கு முன், பின், நடுவில், டீ குடிக்கும் முன், படி ஏறும் முன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மணிக்கட்டு வரை செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. வெடித்த கையோடு காயத்தைத் தொடக்கூடாது என்பது விதி. போன வருடம் அவரைக் கட்டு வேலையிலிருந்து எடுத்துத் துணிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். நடைபாதையில் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடுவார்.

"என் கைதானேக்கா?"

"இல்லப்பா."

"பின்ன எதுலேர்ந்து வந்துச்சுக்கா?"

அக்கா அவரைத் தாண்டி நடந்துவிடுவார். நான் இரண்டு தடவை கூட இருந்திருக்கிறேன்.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஓய்வு. அந்த வாரத் திங்கட்கிழமை நான் ஆய்வுக்கூடத்துக்குப் போய், இனி சாக்குச் சொல்ல முடியாது, அந்தப் பதிவேட்டைக் கொடுங்கள் என்றேன். இழுப்பறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அட்டை ஒரு கிழிசல் இல்லாமல் புதுசாக இருந்தது.

அவர் தலை குனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "அக்கா, 'எதுவும் இல்லை'ன்னு எழுதிடுங்க. ரெண்டே வார்த்தை. நானும் வாங்கிட்டுப் போயிடறேன்" என்றேன். இருபது வருடத்தில் நான் யாருக்கும் காட்டாத தாராளம்.

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கட்டத்துக்கு மேலே பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மூடியைப் போட்டுவிட்டார்.

"இருந்துச்சு சார்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அஞ்சு நாளாக் கேட்டா. 'அக்கா, வெள்ளை வெள்ளையாப் பாத்துப் பாத்துக் கண்ணு கூசுது. நம்ம ஜன்னல் கொடியில ஒரு துண்டு கொண்டாயேன்'னா. முடியாதுன்னேன். அட்டையக் காட்டுனேன். 'நீ எழுதுனதுதானே, நீயே அழிச்சுடு'ன்னா. ஆறாவது நாள் வலி தாங்க முடியாம அழுதா சார். அவ அழுது நான் பாத்ததே இல்ல. வீட்டுக்குப் போனேன். பாட்டிலக் கொதிக்க வச்சேன். தண்ணியத் தனியாக் கொதிக்க வச்சு ஆற வச்சேன். எல்லாம் முறைப்படி. அந்த மணி பிளாண்ட்ல ஒரு துண்டு எடுத்துப் போட்டு, என் பையில மறைச்சு, நான் எழுதுன அட்டையத் தாண்டி நானே கொண்டு போனேன். அதப் பாத்து அப்படிச் சிரிச்சா."

"அதான் கொதிக்க வச்சீங்களேக்கா."

"தண்ணியக் கொதிக்க வச்சேன். வேரைக் கொதிக்க வைக்க முடியுமா?"

பேனாவை மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"வேர்லதான் சார் அந்தக் குடும்பமே குடியிருக்கும். நல்லவன், கெட்டவன், எல்லாரும். இது எனக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் எடுக்கிறவ. தெரியும். அன்னைக்கு மட்டும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். பச்சையப் பாத்த அன்னைக்கே பாட்டில எடுத்துப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். அதுக்கப்புறம்தான் மத்ததையெல்லாம் தொட்டெடுத்தேன். எப்படி சார் வரும்? அவ தட்டப் பாத்தப்பவே சந்தேகம். நம்ம வார்டுல கிடக்கிறவன் பழம் தின்னு கொட்டை போட்டவன், பாதி மருந்துக்கு அசைய மாட்டான். இவன் எல்லா மருந்துக்கும் செத்தான். வெளியிலேர்ந்து வந்தவன். தட்டுல செத்தான், உடம்புல சாகல. பாதித் தோல் இல்லாத உடம்பு எவ்வளவுதான் தாங்கும்?"

அந்தப் பாட்டில் இன்னும் அவர் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. மூன்று வருடமாக அதற்குத் தண்ணீர் மாற்றுகிறார். மற்றக் கிளைகளெல்லாம் காய்ந்துவிட்டன, இது மட்டும் ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதை ஒரு தடவைகூடப் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்க்கவில்லை. தங்கையின் காயத்தில் எடுத்த கிருமி ஆய்வுக்கூட உறைபெட்டியில், சுண்டு விரல் அளவுக் குப்பியில் தூங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளுக்கு அவருக்கு மூன்று வருடமாகத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பழைய குப்பிகளை அழித்துவிடுவார்கள்.

"மெதுவண்ணன் கையப் பாத்தீங்களா?" என்றார். பார்த்திருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

செவ்வாய்க்கிழமை காலை, சின்ன உறையில் ஒரு பஞ்சுக் குச்சி கொண்டு வந்தார். குப்பியையும் வெளியே எடுத்து, இரண்டையும் தனித்தனித் தட்டில் தேய்த்தார். டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. புதன்கிழமை, வேரிலிருந்து வந்த கும்பலில் பச்சைக்காரனை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு தட்டிலும் மருந்து வில்லைகளை வைத்தார். வில்லையைச் சுற்றிக் கிருமி எவ்வளவு தூரம் சாகிறதோ அவ்வளவு பெரிய வட்டம் விழும். ஒரே கிருமி என்றால் வட்டங்களும் ஒன்றுபோல விழும். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் மூன்று நாளும் ஏதாவது ஒரு பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

வியாழக்கிழமை. தட்டுகளை வெளியே எடுத்தார். மூடியை நக அளவுக்குத் தூக்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. நேராக வெளிச்சத்தில் பிடித்து ஸ்கேலை வைத்தார்.

"எழுதிக்கோங்க சார்."

என்னிடம் இருந்த ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். ஆறு வில்லை, இரண்டு தட்டு, பன்னிரண்டு எண். அவர் குரல் நடுங்கவில்லை. எழுதி முடித்து இரண்டு வரிசையையும் பார்த்தேன். ஒரு வட்டம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். மற்ற ஐந்தும் அச்சு அசலாக ஒன்று.

டாக்டரம்மா உறையை வாங்கிப் பார்த்தார். அவசர அவசரமாகப் பேசினார். "அக்கா, இது நிரூபணம் இல்ல. மருந்துக்குப் பழகாத எல்லாமே இப்படித்தான் இருக்கும், உங்களுக்கே தெரியும். மரபணு வரைக்கும் போய்ப் பாத்தாதான் சொல்ல முடியும். அந்தக் காயத்துக்கு வேற எங்கேர்ந்து வேணும்னாலும் வந்திருக்கலாம். ஏன், பாட்டிலுக்கே வார்டுலேர்ந்து போயிருக்கலாமே!"

அக்கா அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். "கோர்ட்டுக்குன்னா இது பத்தாதும்மா. எனக்குப் போதும்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றார். நூறு எண்ணியிருப்பார், நூறைத் தாண்டியும் எண்ணியிருப்பார். தண்ணீர் அதன் பாட்டுக்கு ஓடியது. கடைசியில் கையைக் கழுவாமலே குழாயை மூடிவிட்டு வந்தார். உள்தொலைபேசியில் துணிக் கிடங்கைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு நிமிஷம் மேல வரியா" என்றார்.

மெதுவண்ணன் வந்தார். கையில் ஈரம் சொட்டியது, வழியில் எங்கோ கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு, தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார் அக்கா. அவர் உட்காரவில்லை.

அக்கா பதிவேட்டைப் பிரித்தார். பேனாவைத் திறந்தார். கதவு அட்டையில் இருக்கும் அதே கொட்டை எழுத்தில், அவசரமில்லாமல், ஒன்பதாம் கட்டத்தை நிரப்பினார்: மணி பிளாண்ட் கொடி, வேரோடு, பாட்டில் தண்ணீரில். கொண்டு வந்தவர், நோயாளியின் அக்கா. கீழே கையெழுத்துப் போட்டு அன்றைய தேதியை எழுதினார்.

நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் என்னிடம் கொடுக்கவில்லை. பதிவேட்டை மெதுவண்ணன் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் என்பதால், கட்டத்தின் முதல் சொல்லுக்கு அடியில் தன் ஆள்காட்டி விரலை வைத்து, அவர் படிக்கப் படிக்க ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டு போனார். 'அக்கா' என்ற கடைசிச் சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது. மெதுவண்ணன் நிமிர்ந்து பார்த்த பிறகும் அக்கா அதை எடுக்கவில்லை.